ஓய்வுக்குப் பின் மருத்துவச் செலவு: யாருக்கு எந்த உதவி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வூதியர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. நான் பார்த்தவரை, எந்தத் திட்டத்திலும் தகுதி இல்லாமல் பணத்தை இழந்தவர்கள் குறைவு. தகுதி இருந்தும், நோயாளியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்த பிறகு அட்டைக்காக ஓடியவர்கள்தான் அதிகம். ஆகவே, உடம்பு நன்றாக இருக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள்.

ஓய்வு பெற்ற எல்லோருக்கும் பொதுவாக ஒரு மருத்துவ உதவித் திட்டம் கிடையாதா?

கிடையாது. 70 வயதை எட்டியவர்களுக்கு மட்டும் அப்படி ஒன்று 2024-இல் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். மற்றபடி, நீங்கள் எங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். மாநில அரசு ஓய்வூதியருக்குக் கருவூலம் வழியாக ஒரு காப்பீடு இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியருக்கு சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டம், முன்னாள் படைவீரருக்கு இ.சி.எச்.எஸ். என்ற பங்களிப்புச் சுகாதாரத் திட்டம், ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. ஓய்வூதியமே இல்லாதவருக்கு, வருமானம் குறைவாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இவற்றில் உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் குறையும்.

நான் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மாத ஓய்வூதியம் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. எனக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். ஏனென்றால், இவர்களுக்கு உள்ள நல்ல வழி இவர்களுக்கே தெரிவதில்லை.

பணியில் இருந்தபோது உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா? குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து, வயது நிறைவடைந்தோ விருப்ப ஓய்விலோ விலகியிருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி நீங்களும் உங்கள் மனைவி அல்லது கணவரும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். மாதத்துக்கு 120 இல்லை, ஓர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 120 ரூபாய். இ.எஸ்.ஐ. மத்திய விதிகளில் 61-ஆம் விதி இதைச் சொல்கிறது. கிளை அலுவலகத்தில் அந்த விதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

இதன் பெரிய பலம் புறநோயாளிச் சிகிச்சை. மற்றக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்கிக்கொள்ளலாம். பெரிய நோய் என்றால் சென்னை கலைஞர் கருணாநிதி நகர், அயனாவரம், கோவை சிங்காநல்லூர் போன்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள்.

தேவைப்படுவது, பழைய காப்பீட்டு எண்ணும், எப்போது சேர்ந்து எப்போது ஓய்வு பெற்றீர்கள் என்று ஆலை தரும் சான்றும். ஆலை மூடிப்போனால் இந்தச் சான்றுக்குத்தான் திண்டாட்டம். ஓய்வு பெறும் நாளிலேயே அதை எழுதி வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே மூடிவிட்டதென்றால், பழைய சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்குத் தாள், காப்பீட்டு அட்டை என்று கையில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளை மேலாளரைப் பாருங்கள். உங்கள் பங்களிப்புப் பதிவு அவர்களிடம் இருக்கும்.

சம்பளம் உச்சவரம்பைத் தாண்டியதால் இடையில் இ.எஸ்.ஐ.யிலிருந்து விலக்கப்பட்டு, பிறகு ஓய்வு பெற்றவர்கள் நீண்ட காலம் இந்த வசதி இல்லாமல் இருந்தார்கள். 2024 பிப்ரவரியில் இ.எஸ்.ஐ. கழகம் அவர்களுக்கும் வழி திறந்தது. 2012 ஏப்ரலுக்குப் பின் காப்பீட்டில் இருந்து, 2017 ஏப்ரல் 1-இலோ அதன் பின்னரோ, மாதம் 30,000 ரூபாய் வரையிலான ஊதியத்தில் ஓய்வு பெற்றவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

மாநில அரசு ஓய்வூதியத்தில் மாதாமாதம் காப்பீட்டுக்கென்று பிடிக்கிறார்கள். அதற்கு என்ன கிடைக்கும்?

புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது அதன் பெயர். ஓய்வூதியர்களுக்கு 2014 ஜூலையில் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான நான்கு ஆண்டுக் காலத்துக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தம், ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் பாதுகாப்பு என்று ஆணை வந்தது. இந்த 5 லட்சம் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான். ஆண்டுதோறும் 5 லட்சம் என்று எண்ணிக்கொண்டு இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குப் போய் நிற்பவர்களைப் பார்த்தால் மனம் கனத்துப் போகும். ஒரு முறை பயன்படுத்தியபின் மீதி எவ்வளவு இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காலத்துக்கான ஆணையில் தொகைகள் மாறக்கூடும் என்பதால் கருவூலத்திலோ உங்கள் சங்கத்திலோ கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

கட்டணமில்லாச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான். மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவு என்று ஒரு மேசை இருக்கும். அங்கே அட்டையைக் காட்டியதும் முன் அனுமதி கோரிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அனுமதி வந்ததும் "வந்துவிட்டது, போய்ப் படுங்கள்" என்பார்கள். அப்படியே போகாதீர்கள். எத்தனை ரூபாய்க்கு அனுமதி வந்தது, எந்தச் சிகிச்சைக்கு வந்தது என்று அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அறை வாடகை வித்தியாசம், கையுறை, ஊசிக்குழல், "இதர செலவு" என்று ஒரு நீண்ட தாள் வரும். அனுமதிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வரிவரியாகப் பாருங்கள். நீங்களாகக் கேட்டு வாங்கிய உயர்ந்த அறைக்கு வித்தியாசம் கட்டத்தான் வேண்டும். சிகிச்சைக்கென்று அனுமதித்த மொத்தத் தொகைக்குள் ஏற்கெனவே அடங்கியவற்றுக்கு மறுபடி பணம் கேட்டால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்ன மாத்திரத்தில் சில வரிகள் காணாமற்போவதைப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சுவலி வந்து பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அது பட்டியலில் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

முயன்று பார்க்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. அவசரச் சிகிச்சை என்பதற்கு மருத்துவரின் சான்று, மூல ரசீதுகள், வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம் ஆகியவற்றுடன் உடனடியாக விண்ணப்பியுங்கள். நிராகரித்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நீதிமன்றங்கள் இதில் ஓய்வூதியர் பக்கம் நின்றிருக்கின்றன. சிவ காந்த் ஜா என்ற ஓய்வு பெற்ற அதிகாரி தொடுத்த வழக்கில், மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அது மத்திய அரசுத் திட்டம் பற்றிய வழக்குதான். ஆனாலும் மேல்முறையீட்டு மனுவில் அதைக் குறிப்பிடுவது உதவும். சிகிச்சை உண்மையில் நடந்ததா, அவசரமாக நடந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் சி.ஜி.எச்.எஸ்.-இல் சேருவது அவசியமா? எங்கள் ஊரில் அதன் மருத்துவ நிலையமே இல்லையே?

சேருங்கள் என்பதே என் கருத்து. மாதத் தொகை ஊதிய நிலையைப் பொறுத்து 250 முதல் 1,000 ரூபாய் வரை. பத்து ஆண்டுத் தொகையை ஒரே தவணையில் கட்டினால் ஆயுள் முழுவதற்கும் அட்டை. அதாவது கடைநிலையில் இருந்தவருக்கு 30,000 ரூபாய், உயர்நிலையில் இருந்தவருக்கு 1,20,000 ரூபாய். ஓய்வுப் பலன்கள் கைக்கு வரும் மாதத்திலேயே இதைக் கட்டிவிடுவது நல்லது. பிறகு கட்டலாம் என்று தள்ளினால் அந்தப் பணம் வீட்டில் வேறு எதற்காவது போய்விடும்.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலியிலும், பக்கத்தில் புதுச்சேரியிலும் நலவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. இவற்றுக்குத் தொலைவில் வாழ்பவர் புறநோயாளிச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படி பெற்றுக்கொண்டு, மருத்துவமனையில் சேரும் தேவைக்கு மட்டும் சி.ஜி.எச்.எஸ். அட்டையை வைத்துக்கொள்ளலாம். தேனியிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவருக்கு இதுவே பொருத்தம். படியை மட்டும் வாங்கிக்கொண்டு அட்டையை விட்டுவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மாத்திரைக்குச் சரியாக இருக்கும், இதய அறுவைக்கு என்ன செய்வது?

முன்னாள் படைவீரர், இரயில்வே, வங்கி?

படைவீரருக்கு 2003 ஏப்ரலிலிருந்து இ.சி.எச்.எஸ். நடக்கிறது. ஒருமுறை கட்டணம், அதன்பின் பாலிகிளினிக்கிலிருந்து பரிந்துரை பெற்றுப் பட்டியல் மருத்துவமனையில் சிகிச்சை. இரயில்வே ஓய்வூதியருக்குத் தனி மருத்துவத் திட்டமும் இரயில்வே மருத்துவமனைகளும் இருக்கின்றன. உமீத் என்ற இரயில்வே மருத்துவ அட்டையை எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். வங்கி ஓய்வூதியருக்குக் கூட்டுக் காப்பீடு இருக்கிறது, பிரீமியம்தான் சுமை. ஆனாலும் வயதானபின் அதை விட்டுவிட்டால் திரும்பச் சேருவது கடினம் என்பதால், விலகும் முன் பலமுறை யோசியுங்கள்.

அப்பா விவசாயக் கூலி. ஓய்வூதியம் எதுவும் இல்லை. மருத்துவமனைச் செலவுக்கு வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரைப் பெற்றது, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டுக்குக் குடும்பம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அங்கேயே படம் எடுத்துப் பதிவு செய்வார்கள். பெரும்பாலும் மனு நாள் என்று திங்கட்கிழமையே எல்லோரும் போகிறார்கள், வரிசை நீளும். வேறு நாளில் போனால் வயதானவரை மணிக்கணக்கில் நிற்க வைக்க வேண்டியிருக்காது.

ஆங்காங்கே நடக்கும் மருத்துவ முகாம்களிலும் பதிவு செய்கிறார்கள். ஊரில் முகாம் என்று தண்டோராவோ ஒலிபெருக்கியோ வந்தால் காகிதங்களுடன் போங்கள்.

மகன் சம்பாதிக்கிறான் என்பதால் வருமானச் சான்று மறுக்கிறார்கள். ஆனால் அவன் தனியாக இருக்கிறான், பணம் தருவதும் இல்லை.

இது மிகவும் வேதனையான சிக்கல். பெரும்பாலும் சிக்கலின் வேர் குடும்ப அட்டையில் இருக்கும். பெற்றோரின் பெயர் மகனுடைய அட்டையில் இருந்தால், அலுவலர் அவனுடைய வருமானத்தையும் சேர்த்தே பார்ப்பார். பெற்றோர் உண்மையிலேயே தனிச் சமையல், தனிக் குடித்தனம் என்றால், பெயரை நீக்கித் தனிக் குடும்ப அட்டை பெறுவதுதான் முதல் வேலை. வட்ட வழங்கல் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையம் வழியாகவும் செய்யலாம். அதன்பின் வருமானச் சான்று, அதன்பின் காப்பீட்டு அட்டை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவை என்பதால் வாரங்கள் ஆகும். நோய் வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது.

மகனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே காகிதத்தில் மட்டும் பிரிவது பற்றியும் கேட்கிறார்கள். அதை நான் செய்து தருவதில்லை, சொல்வதும் இல்லை. விசாரணையில் தெரிந்தால் உண்மையான ஏழையின் மனுவும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

70 வயதானவர்களுக்கு வருமானமே பார்ப்பதில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அனைவருக்கும் விரித்தது. பணக்காரர், ஏழை வேறுபாடு இல்லை. ஆயுஷ்மான் வய வந்தனா என்று அந்த அட்டைக்குப் பெயர். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. கணவன் மனைவி இருவருக்கும் 70 ஆகியிருந்தால் அந்த 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருந்தால், முதியவருக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம்.

தனியார் காப்பீடோ இ.எஸ்.ஐ.யோ வைத்திருப்பவரும் இதில் சேரலாம். ஆனால் சி.ஜி.எச்.எஸ்., இ.சி.எச்.எஸ். போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அவர்களுக்கு நான் சொல்வது: அவசரப்பட்டு மாறாதீர்கள். உங்கள் பழைய திட்டம் புறநோயாளி மருந்தும் தருகிறது, இது தராது.

தமிழ்நாட்டில் ஆயுஷ்மான் பாரத் முதலமைச்சரின் திட்டத்தோடு இணைந்தே நடக்கிறது. அதனால் உங்கள் மாவட்டத்தில் வய வந்தனா அட்டைக்கான பதிவு எப்படி, எந்த மருத்துவமனை அதை ஏற்கிறது என்பதை ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்திலோ 14555 என்ற எண்ணிலோ கேட்டுவிட்டுப் போங்கள்.

பாட்டிக்குக் கைரேகை பதிவதில்லை. ஆதாரில் வயதும் குறைவாக இருக்கிறது. என்ன செய்வது?

நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்த விரல்கள் அவை. கருவியில் விரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடியும் சிவப்பு. அங்கிருக்கும் இளைஞர் "நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்கும் அதே விரல்தானே? கருவிழிப் பதிவு, முக அடையாளம், கைப்பேசிக்கு வரும் கடவு எண் என்று மாற்று வழிகள் இருக்கின்றன. கேட்டால்தான் செய்வார்கள். கடவு எண் வருவதற்கு ஆதாரில் கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும். பாட்டியிடம் கைப்பேசி இல்லையென்றால் கூட இருக்கும் பேத்தியின் எண்ணை இணைத்து வையுங்கள். வேலை தேடி ஊர் மாறிக்கொண்டிருக்கும் பேரனின் எண் வேண்டாம்.

வயது விஷயத்தில் ஆதாரில் உள்ளதையே எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் கணக்கெடுக்க வந்தவர் ஆளைப் பார்த்து மதிப்பிட்டு எழுதிய வயது பலருக்கும் அப்படியே நிற்கிறது. பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இருந்தால் ஆதார் மையத்தில் திருத்தலாம். பிறந்த தேதியைத் திருத்துவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் சரியான ஆவணம் கையில் இருக்கும்போது மட்டும் விண்ணப்பியுங்கள்.

மருத்துவமனைச் செலவைவிட மாதாமாத மாத்திரைச் செலவுதான் கழுத்தை நெரிக்கிறது. அதற்கு எந்தக் காப்பீடும் இல்லையா?

காப்பீடு அநேகமாக இல்லை. ஆனால் அந்த மருந்தைக் குறைந்த செலவிலும் இலவசமாகவும் பெற வழி இருக்கிறது.

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சை, பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறைப் பயிற்சி, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்குத் திரவப் பைகள் ஆகியவையும் இதில் உண்டு. உங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவர் வருவதே இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தனியார் மருத்துவரிடம்தான் காட்டுவோம் என்பவர்களுக்கு மக்கள் மருந்தகமும் முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. முன்னது மத்திய அரசுடையது. பின்னது 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளுடன் தொடங்கியது. நிறுவனப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரில் விற்பதால் விலை வெகுவாகக் குறையும். மருந்துச் சீட்டில் மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. இதயம், வலிப்பு போன்றவற்றுக்கான மருந்தை மாற்றும்போது மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

டயாலிசிஸும் புற்றுநோய் சிகிச்சையும் மாதக்கணக்கில் நீள்கின்றன. போக்குவரத்துச் செலவுக்குக்கூடத் திணறுகிறோம்.

இரண்டுமே முதலமைச்சரின் காப்பீட்டில் அடங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் செய்கிறார்கள்.

போக்குவரத்துக்கு: மூத்த குடிமக்களுக்கான பொதுவான இரயில் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, ஆனால் நோயாளிகளுக்கான சலுகை தொடர்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணம் இல்லை. டயாலிசிஸுக்கும் இதய அறுவைக்கும் செல்பவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி, உடன் செல்லும் ஒருவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனையில் இரயில்வேக்கான படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன்கள் தருகிறார்கள்.

காப்பீட்டுத் தொகை தீர்ந்துவிட்டால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையின் மதிப்பீட்டுச் சான்றும் வருமானச் சான்றும் இணைக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பே அனுப்ப வேண்டும்.

கண், காது, பல்?

கண்புரை அறுவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். மதுரையில் 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு இன்றும் இலவசமாகச் செய்கிறது. ஊர் ஊராக முகாம் நடத்தி அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

காது கேட்கும் கருவி, பல் செட், மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு 2017 ஏப்ரலில் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. 60 வயது கடந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாதவர்களுக்கும் இலவசம். முதலில் அளவெடுக்கும் முகாம், பிறகு வழங்கும் முகாம் என்று இரண்டு கட்டமாக நடக்கும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

66 வயதில் தனியார் காப்பீடு வாங்குவது வீண் செலவா?

எந்த அரசுத் திட்டத்திலும் வராமல், 70-ஐயும் எட்டாமல் இருக்கும் நடுத்தர வர்க்கத்தவருக்கு வேறு வழி அதிகம் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் வயதைக் காரணம் காட்டி எல்லோருக்கும் கதவடைக்கும் பழைய முறையை மாற்றியது. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. 60 மாதங்கள் தொடர்ந்து கட்டியபின், மோசடி என்று நிரூபித்தாலன்றி, "அன்றைக்கு நோயை மறைத்தீர்கள்" என்று சொல்லி மறுக்க முடியாது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கேட்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் இல்லை.

வாங்கும்போது நோய் எதையும் மறைக்காதீர்கள். முகவர் "சர்க்கரையை எழுத வேண்டாம், பிரீமியம் கூடும்" என்றால், அந்த முகவரை விட்டுவிடுங்கள். "ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் இவ்வளவு சதவீதம் கட்ட வேண்டும்" என்ற நிபந்தனை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். முதியோர் பாலிசிகளில் இதுதான் பின்னால் கடிக்கும்.

இன்னும் பணியில் இருப்பவர்கள் கவனிக்க: நிறுவனத்தின் கூட்டுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு, காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கடந்ததை இழக்காமல், மாறிக்கொள்ள முடியும். அதை ஓய்வு பெறுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை.

வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிப்பார், கட்டணம் இல்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். இது தனியார், பொதுத்துறைக் காப்பீட்டுப் பாலிசிகளுக்கு. முதலமைச்சரின் திட்டத்தில் மருத்துவமனை பணம் கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணில், நோயாளி அங்கே இருக்கும்போதே புகார் செய்யுங்கள். வீடு திரும்பியபின் செய்யும் புகாருக்கு வேகம் குறைவு.

பிள்ளைகள் இருக்கிறார்கள், மருத்துவச் செலவுக்கு ஒருவரும் தருவதில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பராமரிப்பு என்பதற்குள் மருத்துவச் சிகிச்சையும் அடங்கும். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க அவர் உத்தரவிட முடியும். சொத்தை எழுதிக் கொடுத்தபின் கைவிட்டிருந்தால், கவனித்துக்கொள்வதாக நிபந்தனையுடன் எழுதிய பத்திரத்தை ரத்து செய்யவும் அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. அதனால்தான், தான செட்டில்மென்ட் எழுதுபவர்களிடம், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். மனு கொடுக்கத் தயக்கமாக இருந்தால், யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், முதியோர் உதவி எண் 14567-ஐ அழையுங்கள்.

வருமான வரியில் ஏதாவது சலுகை?

பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். 80டி என்று அறியப்பட்ட கழிவில் மூத்த குடிமகனுக்கு 50,000 ரூபாய் வரை. காப்பீடே இல்லாத மூத்த குடிமகனின் மருத்துவச் செலவுக்கும் இதைக் கோரலாம், பணத்தை ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. குறிப்பிட்ட கொடிய நோய்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தனிக் கழிவு.

கணவர் காலமானபின் மனைவிக்கு இந்த உதவிகள் தொடருமா?

குடும்ப ஓய்வூதியம் தொடங்கினால் மாநில அரசுக் காப்பீடும் சி.ஜி.எச்.எஸ்.-உம் அவருக்குத் தொடரும். ஆனால் குடும்ப ஓய்வூதிய ஆணை வரும்வரை உள்ள சில மாதங்களில் அட்டை பழைய பெயரிலேயே நிற்கும், மருத்துவமனையில் குழப்பம் வரும். கணவர் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு, ஆதார், காப்பீட்டு அட்டை ஆகிய எல்லாவற்றிலும் மனைவியின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் "இலட்சுமி", இன்னொன்றில் "லெட்சுமி அம்மாள்" என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். சி.ஜி.எச்.எஸ்.-இல் மனைவிக்குத் தனி அட்டை எண் இருக்க வேண்டும், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறப்புச் சான்று வந்ததும் கருவூலத்துக்குப் போகும் அன்றே காப்பீட்டுப் பெயர் மாற்றத்துக்கும் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.